குடும்ப வேனுக்கு டிரெய்லர் ஹிட்ச்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது

டிரெய்லரை இழுக்க வேனின் பின்னால் மாட்டும் இணைப்புதான் ஹிட்ச். அதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இது எவ்வளவு வெயிட் இழுக்கும்?" என்பதைத்தான். குடும்ப வேனுக்கு அது இரண்டாவது கேள்வி. வீட்டு ஆட்கள் எல்லோரும் ஏறி, பெட்டிகளையும் அடுக்கிய பிறகு வேனின் பின்பக்கம் இன்னும் எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி. வேன், ஹிட்ச், பால் (டிரெய்லர் வந்து அமரும் இரும்புக் குண்டு), அதைத் தாங்கும் பால் மவுண்ட், பாலைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லரின் கப்ளர் ஆகிய ஐந்தில் எதன் அளவு மிகக் குறைவோ அதற்கு மேல் ஏற்றக் கூடாது. 1,500 கிலோ இழுக்க அனுமதித்த வேனில் 3,000 கிலோ ஹிட்ச்சை மாட்டினாலும் அது 1,500 கிலோ வேன்தான்.

வேனின் கையேட்டிலும் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் லேபிளிலும் ஐந்து எண்களைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை (டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் வேறு), ஹிட்ச்சின் மேல் அழுத்தக்கூடிய அதிகபட்ச எடை, வேனின் மொத்த அனுமதி எடை, பின் ஆக்சிலின் அனுமதி எடை, வேனும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை. சில கையேடுகளில் இதோடு ஒரு அட்டவணையும் இருக்கும்: இரண்டு பேர் போனால் இவ்வளவு இழுக்கலாம், ஒவ்வொருவர் கூடும்போதும் இவ்வளவு குறையும் என்று. விளம்பரத்தில் வரும் எண் அந்த அட்டவணையின் முதல் வரி மட்டுமே. டிரெய்லரின் முன்பரப்புக்கு வரம்பு வைக்கும் கையேடுகளும் உண்டு. உயரமான பெட்டி டிரெய்லர் எடை குறைவாக இருந்தாலும், காற்றை எதிர்த்து இழுப்பதில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சூடேறும் என்பதால்தான்.

முன்பாரக் கணக்கு

டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் பாலின் மேல் அழுத்தும் எடையை முன்பாரம் என்று சொல்லலாம். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றும்போது பார்க்கும் அதே முன்பாரம், பின்பாரம்தான். முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வால் ஆட்டும். அந்த ஆட்டம் வேனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கூடினால் வேனின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். முன்சக்கரங்களின் பிடி குறையும். அமெரிக்க வழக்கப்படி டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம் வேண்டும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் ஹிட்ச்சின் அனுமதியே 75 அல்லது 100 கிலோ என்பதால் அங்கே 5 முதல் 7 சதவீதம் வைப்பார்கள். அங்குள்ள டிரெய்லர்களும் இழுக்கும் வேகமும் அதற்கேற்ப அமைந்தவை. உங்கள் வேன், டிரெய்லர் இரண்டின் கையேடும் எந்த முறையைச் சொல்கிறதோ அதையே பிடியுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேனின் காலி எடை 2,000 கிலோ, மொத்த அனுமதி எடை 2,600 கிலோ. ஏற்றக்கூடியது 600. (சில நாடுகளில் காலி எடையிலேயே 75 கிலோ ஓட்டுநரையும் சேர்த்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஓட்டுநரையும் சேர்த்து ஆறு பேர் 380 கிலோ, சாமான் 100 கிலோ, ஹிட்ச்சே 25 கிலோ. ஆக 505. மிச்சம் 95 கிலோ. டிரெய்லர் 1,000 கிலோ, முன்பாரம் 10 சதவீதம் என்றால் 100 கிலோ. 5 கிலோ கூடிவிட்டது. 1,500 கிலோ இழுக்கும் என்று வாங்கிய வேன், வீடு நிறைய ஆட்களோடு 1,000 கிலோவுக்கே திணறுகிறது.

இதற்கு வழி பெரிய ஹிட்ச் அல்ல. டிக்கியில் இருக்கும் 50 கிலோ சாமானை டிரெய்லரின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் மாற்றி வையுங்கள். டிரெய்லர் 1,050 கிலோ, முன்பாரம் 105. வேனில் 455 கூட்டல் 105, மொத்தம் 560. இப்போது 40 கிலோ இடம் இருக்கிறது.

பின் ஆக்சிலையும் தனியாகப் பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பால் இருப்பது பின்சக்கரத்துக்கும் பின்னால். அது நெம்புகோல் போல வேலை செய்யும். முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே 3 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து பால் வரை 1.2 மீட்டர் என்றால், 105 கிலோ முன்பாரம் பின் ஆக்சிலில் 147 கிலோவாக இறங்கும் (105 × 4.2 ÷ 3). கூடுதலாக வந்த 42 கிலோ முன் ஆக்சிலிலிருந்து தூக்கப்பட்டது. குடும்ப வேன்களில் பல முன்சக்கரத்தால் ஓடுபவை. ஈரமான ஏற்றத்திலும் படகு இறக்கும் சரிவிலும் சக்கரம் சுழன்று நிற்பது இதனால்தான்.

முன்பாரத்தை அளக்க உடல் எடை பார்க்கும் தராசு போதும். தராசையும் அதே உயரத்தில் ஒரு செங்கல் அடுக்கையும் மூன்று அடி இடைவெளியில் வைத்து, மேலே கனமான பலகையைப் போடுங்கள். பலகை மட்டும் இருக்கும்போது தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரை மட்டமாக, சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டை கொடுத்து நிறுத்தி, அதன் மூக்கைச் செங்கலிலிருந்து ஒரு அடி, தராசிலிருந்து இரண்டு அடி தள்ளிப் பலகையில் இறக்குங்கள். தராசு காட்டுவதில் பலகையின் எடையைக் கழித்து மூன்றால் பெருக்கினால் முன்பாரம். வழக்கமாக ஏற்றும் எல்லாச் சாமானும் டிரெய்லரில் இருக்கும்போது அளந்தால்தான் பயன்.

எந்த ஹிட்ச்

சதுரத் துளை உள்ள ரிசீவர் வகை அமெரிக்கச் சந்தையில் வகுப்புகளாக வருகிறது. முதல் வகுப்பு 2,000 பவுண்டு (907 கிலோ), முன்பாரம் 200 பவுண்டு. இரண்டாம் வகுப்பு 3,500 பவுண்டு (1,588 கிலோ), முன்பாரம் 350 பவுண்டு. இரண்டுக்கும் பெரும்பாலும் 1¼ அங்குலத் துளை. மூன்றாம் வகுப்புக்கு 2 அங்குலத் துளை. அங்கே விற்கும் குடும்ப வேன்கள் பலவற்றின் வரம்பு 3,500 பவுண்டு அளவில்தான் என்பதால் இழுப்பதற்கு இரண்டாம் வகுப்பே போதும். ஆனாலும் 2 அங்குலத் துளை உள்ளதை வாங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. நான்கு சைக்கிள் ஏற்றும் கேரியர்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் வருகின்றன. 1¼ அங்குலத்தை 2 ஆக்கும் அடாப்டர் போட்டால் பாரம் இன்னும் பின்னால் தள்ளிப்போய் ஹிட்ச்சின் தாங்கும் அளவு குறையும்.

துளையின் அளவை வைத்து எடையைச் சொல்லிவிட முடியாது, லேபிளைப் படியுங்கள். அதில் இரண்டு வரி இருக்கலாம்: ஒன்று சாதாரணமாக இழுக்கும்போது, மற்றொன்று பாரத்தை முன் ஆக்சிலுக்குப் பகிரும் ஸ்பிரிங் கம்பிகளைப் பூட்டும்போது. இரண்டாவது எண் பெரிதாக இருக்கும். அந்தக் கம்பிகளை வேனின் கையேடு அனுமதித்தால் மட்டுமே அது உங்களுக்குப் பொருந்தும். அனுமதிக்காத வேன்கள் உண்டு.

அன்னக் கழுத்து போல வளைந்த பால் உள்ள ஐரோப்பிய வகையில், தகட்டில் டி மதிப்பு, எஸ் மதிப்பு என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். எஸ் என்பது முன்பார வரம்பு, கிலோவில். டி என்பது ஹிட்ச் தாங்கும் இழுவிசை. உங்களுக்கு வேண்டிய டி மதிப்பை நீங்களே கணக்கிடலாம்: வேனின் மொத்த அனுமதி எடையையும் டிரெய்லரின் மொத்த எடையையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81 ஆல் பெருக்கி, 1,000 ஆல் வகுக்க வேண்டும். 2,600 கிலோ வேன், 1,500 கிலோ டிரெய்லர் என்றால் 9.33 கிலோ நியூட்டன். தகட்டில் இருப்பது இதற்குக் குறையக் கூடாது. கழற்றி வைக்கும் வகையை எடுத்தால், பால் கழுத்து நுழையும் குழிக்கு மூடி கட்டாயம் வேண்டும். சேறு புகுந்தால் பூட்டு முழுதாக விழாது. விழுந்ததாகத் தோன்றும், அதுதான் ஆபத்து.

பம்பரில் மட்டும் மாட்டும் ஹிட்ச்சை வேனுக்கு வாங்காதீர்கள். வேன்களில் பம்பர் என்பது பிளாஸ்டிக் உறையும் இடிதாங்கும் மெல்லிய உத்திரமும்தான். ஹிட்ச் அடிச்சட்டத்தின் நீளக் கம்பிகளில் போல்ட் ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன் வேனுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்டெப்னி கீழே தொங்கும் வேனில் ஹிட்ச்சின் குறுக்குக் குழாய் அதை இறக்கவிடாமல் தடுக்கலாம். சைலன்ஸர் எந்தப் பக்கம், எத்தனை என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதே வேனின் இரண்டு மாடல்களுக்கு ஒரே ஹிட்ச் பொருந்தாமல் போவது இதனால்தான். டிக்கிக் கதவு திறக்கும்போது டிரெய்லரின் மூக்கு ஜாக்கியில் இடிக்குமா, காலை நீட்டினால் கதவு திறக்கும் சென்சார் மறையுமா என்பதையும் பாருங்கள்.

பாலும் உயரமும்

பாலின் அளவு அதன் தலையிலேயே பொறித்திருக்கும். 50 மி.மீ. பாலும் 2 அங்குலப் பாலும் ஒன்றல்ல. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. இந்த 0.8 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 2 அங்குலக் கப்ளரில் 50 மி.மீ. பால் லொடலொடவென்று ஆடும், பள்ளத்தில் எகிறவும் கூடும். கப்ளரில் எழுதியிருப்பதை அப்படியே வாங்குங்கள். பூட்டிய பிறகு ஒரு சோதனை: டிரெய்லரின் மூக்கு ஜாக்கியைச் சுற்றி மேலே தூக்குங்கள். வேனின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் கப்ளர் பாலைப் பிடித்திருக்கிறது. மூக்கு மட்டும் எழுந்து கழன்றால், பூட்டு பாலுக்கு மேலேயே விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் இதைச் செய்யுங்கள்.

பால் தண்டின் நட்டைக் கைப்பலத்தில் இறுக்கினால் போதாது. ¾ அங்குலத் தண்டுக்குச் சுமார் 217 நியூட்டன் மீட்டர், 1 அங்குலத்துக்குச் சுமார் 339. பாலோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

உயரத்துக்கு, வேனில் வழக்கமான பாரத்தை ஏற்றி, ரிசீவர் துளையின் உள் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளங்கள். டிரெய்லரை ரசமட்டம் வைத்து மட்டமாக நிறுத்தி, கப்ளரின் அடியிலிருந்து தரை வரை அளங்கள். முதலாவது 35 செ.மீ., இரண்டாவது 43 என்றால் 8 செ.மீ. ஏறிய பால் மவுண்ட் வேண்டும். சரியான அளவு கிடைக்காவிட்டால் டிரெய்லரின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம், நிமிர்ந்திருக்கக் கூடாது.

வயரிங், பிரேக், கியர்பாக்ஸ்

பின்விளக்கு வயரை வெட்டி ஒட்டுவது பழைய வண்டிகளோடு போகட்டும். இன்றைய வேன்களில் விளக்குகளைக் கணினி கண்காணிக்கிறது. கூடுதல் கரண்ட் இழுத்தால் எச்சரிக்கை வரும், சில வேளை அந்தக் கணினியே பழுதாகும். வேனுக்கென்று வரும் ஹார்னஸையும் (பிளக்கோடு கூடிய வயர் கட்டு), பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேரே கரண்ட் எடுக்கும் கன்வெர்ட்டரையும் வாங்குங்கள். அமெரிக்க நான்கு முனை இணைப்பில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக் மிதித்தால் எல்லா விளக்கும் மங்கினாலோ, இண்டிகேட்டர் போட்டால் இரு பக்கமும் மினுக்கினாலோ, முதலில் வெள்ளை வயரைப் பாருங்கள். பெயின்ட்டின் மேல் திருகிய எர்த் எர்த்தே அல்ல. இரும்பு தெரியச் சுரண்டி மாட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். மற்ற நாடுகளில் வரம்பு வேறு. டிரெய்லர் பிரேக்கை வேனிலிருந்து இயக்கும் கன்ட்ரோலருக்கான வயர் இல்லாத வேனுக்கு, டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையாலேயே இயங்கும் பிரேக் எளிது. முழு எடையும் இழுக்க கியர்பாக்ஸ் ஆயில் கூலர் வேண்டும் என்று கையேடு சொன்னால், ஹிட்ச்சுக்கு முன் அதைப் போடுங்கள். நீண்ட ஏற்றத்தில் காய்ந்த கியர் ஆயில் கருகிய பிறகு திரும்பாது.

மாட்டும்போது

வேனை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். சைலன்ஸர் ரப்பர்கள் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். கழற்றிய சைலன்ஸரைக் குழாயில் தொங்கவிடாமல் வாரால் கட்டி நிறுத்துங்கள்.

சட்டத்துக்குள் கை போகாத இடத்தில் போல்ட்டை எப்படி நுழைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். ஹிட்ச்சோடு வரும் சுருள் முனைக் கம்பி அதற்கானது. சுருள் முனையைப் போல்ட் துளை வழியாக உள்ளே விட்டு, பக்கத்திலுள்ள பெரிய துளை வழியாக வெளியே எடுங்கள். சதுர வாஷரைக் கம்பியில் கோர்த்து, போல்ட்டின் மரையைச் சுருளில் திருகுங்கள். முதலில் வாஷர், பின் போல்ட் என்று பெரிய துளை வழியாக உள்ளே தள்ளி, கம்பியை இழுத்தால் மரை துளை வழியே எட்டிப் பார்க்கும். கம்பியைக் கழற்றாமல், அதைச் சுற்றியே ஹிட்ச்சைத் தூக்கி வையுங்கள். முன்னதாகக் கழற்றினால் போல்ட் சட்டத்துக்குள் விழுந்து, வேன் ஓடும் காலமெல்லாம் உருண்டு சத்தம் போடும்.

கம்பெனியே நட் பற்றவைத்த துளைகளாக இருந்தால், உள்ளே துரு இருக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து, கம்பி பிரஷால் சுத்தம் செய்து, போல்ட் கையால் முழுதும் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாத போல்ட்டை மிஷினால் ஏற்றினால் உள்ளே நட் பெயர்ந்து சுற்றும். அப்புறம் சட்டத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். எல்லா போல்ட்டும் கையால் ஏறிய பிறகே டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) தாளில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். துளை பெரிதாக்கிய இடத்தில் இரும்பு தெரிந்தால் உடனே பெயின்ட் அடியுங்கள்.

கடைசியாக, வெளியே தெரியும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் அல்லது நட்டிலும் தொடங்கி ஹிட்ச் வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். முதல் முறை டிரெய்லரை 80 கிலோமீட்டர் போல இழுத்து வந்ததும் குனிந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் சரி. உடைந்திருந்தால் அந்த போல்ட் இளகியிருக்கிறது: வெறுமனே இறுக்கிவிட்டுக் கிளம்பாமல், கழற்றி மரையைப் பார்த்து, புது போல்ட் போட்டு மறுபடி கோடு போடுங்கள்.