முதுகெலும்பில் திருகு போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பினாங்கில் ஆண்டுதோறும் புதிய பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள். ஆட்கள் புதிது, தவறுகள் மட்டும் எங்கள் காலத்திலிருந்தே தொடர்கின்றன. வேறு முள்ளெலும்பைத் திறந்துவிடுவது, திருகு எலும்பின் சுவரை உடைத்து நரம்புப் பக்கம் போவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். யாரும் பயப்படாத தவறுகள்தான் என் கவலை.

கடைசி அரைச் சுற்று

"டாக்டர், தலை கொஞ்சம் தூக்கலா தெரியுது, இன்னும் அரைச் சுற்று போகட்டுமா?"

"வேண்டாம் தம்பி" என்று சொல்லி முடிப்பதற்குள் கை திருப்பிவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருகிறது.

தச்சு வேலையில் திருகின் தலை பலகையோடு படிந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. பெடிக்கிள் என்பது முள்ளெலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் குறுகிய எலும்புத் தண்டு. திருகின் பிடிப்பில் சுமார் 60 சதவீதம் அதற்குள் இருக்கும் மரைகளில்தான். முள்ளெலும்புகளை இணைக்கும் பின்பக்கச் சிறு மூட்டான ஃபேசெட்டின் எலும்பில் தலை முட்டிய பிறகும் திருப்பினால், முன்னே போக வழியில்லாமல் திருகு நின்ற இடத்திலேயே சுழலும். மரை கவ்வியிருந்த எலும்பை வழித்துவிடும். முட்டிய இடத்தில் எலும்பு விரிசலும் விடலாம்.

கெடுதல் அதோடு நிற்காது. இப்போது நாம் போடுவது பெரும்பாலும் எல்லாப் பக்கமும் அசையும் தலை கொண்ட திருகு. திருகுகளை இணைக்கும் கம்பியான ராட் வரும் கோணத்துக்கு அந்தத் தலை தானாகத் திரும்பிக்கொள்ள வேண்டும். எலும்பில் முட்டிய தலை திரும்பாது, ராட் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலேயே நிற்கும். உடனே ராடைத் திருகின் தலைக்குள் அழுத்தும் கருவியான ரிடியூசரைக் கேட்பார்கள். ராடைக் கீழே அழுத்துகிறோம் என்று நினைப்போம். திருகுதான் மேலே இழுபடும். சிலர், "சரி, அரைச் சுற்று பின்னால் எடுத்துவிடலாம்" என்பார்கள். நுனியை நோக்கிக் குறுகும் திருகைப் பின்னால் எடுத்தால் சுற்றிலும் இடைவெளி விழும், போன பிடிப்பு திரும்பாது.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா வந்தார், எழுபதை நெருங்கியவர். வேறோர் இடத்தில் இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளில், அதாவது எல்4, எல்5-இல், திருகு போட்டிருந்தார்கள். படுக்கையில் புரண்டாலே வலி. எக்ஸ்ரேயில் எல்5 திருகைச் சுற்றிக் கருப்பு வளையம், திருகு தளர்ந்ததன் அடையாளம். ஆப்பரேஷன் முடிந்ததும் எடுத்த பழைய சிடி ஸ்கேனில் தலை ஃபேசெட்டுக்குள் புதைந்திருந்தது. திறந்தபோது அந்தத் திருகு இரண்டு விரலுக்கே கழன்று வந்தது. தடித்த திருகு, எலும்பு சிமெண்ட் என்று அந்த வயதில் இன்னொரு பெரிய ஆப்பரேஷனை அவர் தாங்க வேண்டியிருந்தது.

தலை எலும்பை நெருங்கியதும் நிறுத்துங்கள். விரலால் தலையை ஆட்டிப் பாருங்கள். நாலா பக்கமும் ஆடினால் போதும். உயரம் பொருந்தவில்லையா, ராடை வளையுங்கள். திருகைத் தொடாதீர்கள்.

எலும்பைப் பார்க்காமல் ஆப்பரேஷன் தேதி கொடுப்பது

எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா சோதனையில் டி-ஸ்கோர் அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புத் தேய்வு. ஆனால் மூட்டுத் தேய்ந்து எலும்பு முளைத்த முதுகில் டெக்சா உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். முதுகு அளவு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாமல், தொடையெலும்பு அளவையும் பாருங்கள். வெயில் நாடுதானே என்று வைட்டமின் டி சோதனையை விட்டுவிடவும் கூடாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் அம்மாக்களுக்கு அது குறைவாக இருப்பது சாதாரணம். மெல்லிய எலும்பில் மரை வெட்டினால், திருகைவிட ஒரு மில்லிமீட்டர் சிறிய டேப், அதாவது மரை வெட்டும் கருவி, எடுங்கள்.

உலோகம் கலப்பது

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுக்கு டைட்டானியம் ராட் கூடாது, அரிக்கும்.

ராடை வளைத்து நிமிர்த்துவது

வளைத்ததை மறுபடி நிமிர்த்தினால் பிறகு அங்கேதான் முறியும்.

"இரும்பு போட்டாச்சு, பயமில்லை" என்பது

டிஸ்சார்ஜ் அன்று பயிற்சி மருத்துவர்கள் தைரியம் சொல்லி அனுப்பும் வார்த்தை இது. எலும்போடு எலும்பு சேரும் வரைதான் உலோகம் தாங்கும். சேராவிட்டால் ஒன்று திருகு தளரும், இல்லை ராட் முறியும். சேர்வதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும், சிகரெட் பிடித்தால் இன்னும் தள்ளிப்போகும். தைப்பூசம் நெருங்கினால், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கலாமா என்று கேட்டு வருவார்கள். 513 படியை மெதுவாக ஏறுவது வேறு, தோளில் காவடியோடு இடுப்பைச் சுழற்றி ஆடுவது வேறு. எலும்பு சேர்ந்ததை சிடியில் பார்க்கும் வரை காவடிக்கு நான் சரி சொல்வதில்லை. வேண்டுதலை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.