செஸ்னா 172 ஆல்டர்னேட்டர்: சரியான உதிரிபாகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய செஸ்னா 172 சிறு விமானங்கள் பலவற்றில் மின்சாரம் தயாரிக்க இருப்பது ஃபோர்டு கார் வகை ஆல்டர்னேட்டர்தான். பார்த்தால் கார் பாகமாகவே தெரியும். அதை நம்பிக் கார் உதிரிபாகக் கடைக்குப் போய்விடாதீர்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே டயோடு, பேரிங், விசிறி சுழலும் திசை எல்லாம் வேறாக இருக்கலாம். அமெரிக்க விதிப்படி, விமான உரிமையாளர் தானாகவே செய்துகொள்ளக்கூடிய சிறு பராமரிப்புப் பட்டியலில் ஆல்டர்னேட்டரை மாற்றும் வேலை இல்லை. உரிமம் பெற்ற மெக்கானிக்கின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

படி 1: பழுது எங்கே என்று பாருங்கள்.
மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் டிஸ்சார்ஜ் (பேட்டரி காலியாகும்) பக்கம் சாய்ந்தால் ஆல்டர்னேட்டர்தான் கெட்டது என்று பொருள் இல்லை. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அதன் காந்தச் சுருளுக்கு மின்சாரம் தரும் ஃபீல்டு கம்பியின் முனை கழன்றிருக்கலாம், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். இவற்றைப் பார்த்த பிறகே பாகம் வாங்குங்கள்.

படி 2: வரிசை எண்ணை வைத்துத் தேடுங்கள்.
மாடல் பெயர் மட்டும் போதாது. ‘172 என்’ (172N) மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1977 விமானத்தில் 14 வோல்ட், 1978 முதல் 28 வோல்ட். பெயர் ஒன்று, மின்னமைப்பு இரண்டு. ஆல்டர்னேட்டரின் தகட்டில் உள்ள பாக எண்ணை எழுதிக்கொண்டு, செஸ்னாவின் படவிளக்கப் பாகப் பட்டியலில் உங்கள் விமானத்தின் வரிசை எண்ணுக்கு அது பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். முன்பு யாரோ தவறான பாகத்தைப் பொருத்தியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

படி 3: எதை மாற்றுவது?
பெரும்பாலும் முதலில் தேய்வது கார்பன் பிரஷ். அதைக் கழற்றியதும், அது உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கைத் துடைத்து, விரல் நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தட்டினால் புதிய பிரஷ் மட்டும் போட்டுப் பயனில்லை. அதுவும் சீக்கிரமே தேய்ந்துபோகும். அந்த வளையம் பொருந்தியிருக்கும் சுழலும் பாகமான ரோட்டரைக் கையால் சுழற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. ரோட்டர், பேரிங் இரண்டுமே கெட்டிருந்தால் பழுதுபார்ப்பதைவிட, அங்கீகரிக்கப்பட்ட பணிமனை புதுப்பித்த முழு ஆல்டர்னேட்டரை வாங்குவதே நல்லது என்பேன்.

படி 4: காகிதத்தைக் கேளுங்கள்.
என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான படி. புதிய பாகம் விமானத் தயாரிப்பாளரிடமிருந்து வர வேண்டும், அல்லது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் பி.எம்.ஏ. (உதிரிபாகத் தயாரிப்பு) அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதி உங்கள் மாடலுக்கு உரியதா என்றும் பாருங்கள். புதுப்பித்த பாகம் என்றால் 8130-3 என்ற எஃப்.ஏ.ஏ. சான்றுப் படிவத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணும் பாகத்தின் மேலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். “படிவம் பிறகு வரும்” என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

படி 5: பெல்ட்டையும் சேர்த்து வாங்குங்கள்.
லைகாமிங் எஞ்சின் உள்ள 172-இல் பெல்ட், எஞ்சினைக் கிளப்ப உதவும் பல்வளையமான ஸ்டார்ட்டர் ரிங் கியருக்குப் பின்னால் ஓடுகிறது. அதை மாற்ற வேண்டுமானால் புரொப்பெல்லரையே கழற்ற வேண்டும். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் இந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். புதிய பெல்ட் ஓட ஓடச் சற்றே நீளும் என்பதால், முதல் சில பறத்தல்களுக்குப் பிறகு அதன் இறுக்கத்தை மெக்கானிக் மறுபடி சோதிக்க வேண்டும்.