பிளஞ்சர் நகரவில்லையா? கட்டைவிரலை எடுங்கள்

மூட்டு ஊசி பழக வருகிறவர்களின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் என் பழைய தவறுகளையே மறுஒளிபரப்பில் பார்ப்பது போல இருக்கிறது. கை கழுவுங்கள், மருந்தின் பெயரைப் படியுங்கள், வலதா இடதா பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் சிரிஞ்சையே தொடக் கூடாது. அதைத் தாண்டியும் நடக்கும் தவறுகள்தான் கீழே.

எதிர்ப்பு வந்தால் இன்னும் அழுத்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும், ஏனென்றால் செய்தவன் நான். தோள்வலியோடு வந்த ஒருவருக்கு, மேற்கையின் முன்தசையான பைசெப்ஸை எலும்போடு கட்டும் நீண்ட தசைநாணைச் சுற்றி, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டேன். சுற்றித்தான் போடுகிறேன் என்று நினைத்தேன். சிரிஞ்சின் தள்ளுதண்டான பிளஞ்சர் நகரவில்லை, மருந்து கெட்டியாக இருக்கிறது போல என்று கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன், போய்விட்டது. வலியும் போனது, அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சில வாரம் கழித்து ஒரு பெட்டியைத் தூக்கும்போது 'டப்' என்று கேட்டதாம். நாண் அறுந்து, மேற்கையில் தசை பந்து போலத் திரண்டிருக்கத் திரும்பி வந்தார். நாண் ஏற்கெனவே நைந்திருக்கும் என்று மூத்தவர் ஒருவர் ஆறுதல் சொன்னார். சரி, நைந்த நாணுக்குள் ஸ்டீராய்டைத் திணித்தது யார்?

மூட்டிலோ, பர்சா என்ற நீர்ப்பையிலோ, நாணைச் சுற்றிய உறையிலோ ஊசி நுனி இருந்தால் மருந்து சிரமமில்லாமல் போகும். நாணின் இழைகளுக்கு நடுவே இடமே கிடையாது, போதாததற்கு ஸ்டீராய்டு கொலாஜன் உற்பத்தியையும் குறைக்கும். சின்ன சிரிஞ்ச் இன்னும் ஏமாற்றும்: அதே விரல் பலத்துக்கு அதில் அழுத்தம் அதிகம், எதிர்ப்பு இருப்பதே கைக்குத் தெரியாது. பிளஞ்சர் மேல் விரலை லேசாக வைத்தபடி ஊசியை மில்லிமீட்டர் கணக்கில் பின்னால் இழுங்கள், ஓர் இடத்தில் இளகும். இளகவே இல்லையென்றால் வெளியே எடுத்துப் பாருங்கள், ஊசி அடைத்திருக்கலாம். டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு கரைசல் அல்ல, மிதக்கும் துகள்கள், குலுக்காமல் உறிஞ்சினால் மெல்லிய ஊசியை அடைத்துவிடும்.

அல்ட்ராசவுண்ட் இருக்கிறதே, ஊசி நுனியைத் திரையில் பார்த்தே போடலாமே என்பார்கள். ஊசித் தண்டின் குறுக்குவெட்டைத் திரையில் பார்த்துவிட்டு அதுதான் நுனி என்று நம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டென்னிஸ் எல்போவில் வலி போனதே என்று மகிழ்வது

முழங்கையின் வெளிப்புறம் வரும் இந்த வலி ஸ்டீராய்டு போட்டால் ஆரம்பத்தில் போகும்தான். 2013இல் வெளியான, 165 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். அப்புறம் எதற்கு மூன்றாவது ஊசி?

கலங்கிய நீரைப் பார்த்தும் மருந்தைச் செலுத்துவது

முழங்காலில் உறிஞ்சிய நீர் கலங்கலாக வந்தால் ஸ்டீராய்டைக் கீழே வையுங்கள். நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி உயிரணு எண்ணிக்கை, கிராம் சாயம் (கிருமியைக் காட்டும் சாயச் சோதனை), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), படிகம் எல்லாம் பாருங்கள். சீழ் பிடித்த மூட்டு என்றால் அன்றைக்கே அவசர சிகிச்சை.

தோலுக்கு அருகில் வீரியமான ஸ்டீராய்டு

வெள்ளைத் திட்டு, குழி. மணிக்கட்டில் வந்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

சர்க்கரை நோயாளியை எதுவும் சொல்லாமல் அனுப்புவது

சில நாள் சர்க்கரை ஏறும். சொல்லிவிடுங்கள்.

உட்கார வைத்துப் போடுவது

முடிந்தவரை படுக்க வையுங்கள். தோளுக்கு உட்கார்ந்தால்தான் வசதி என்றால் கட்டில் விளிம்பிலேயே உட்காரட்டும், மயக்கம் வந்தால் அப்படியே சாய்த்துவிடலாம்.