மிஷனெரி அனுபவத்தை வேதபாடமாக்குவது எப்படி? கெட்டகுமாரன் உவமையை வைத்து ஒரு செய்முறை

பல வருடம் வெளிநாட்டில் ஊழியம் செய்து திரும்பியவரிடம் வேதபாடம் எழுதித் தரச் சொன்னால், பெரும்பாலும் அனுபவக் கட்டுரைதான் வருகிறது. நடுநடுவே நாலு வசனம் இருக்கும். வாசிக்க நன்றாயிருக்கும், ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் வகுப்பு நடத்த முடியாது. அங்கே கண்டது, வசனத்தை உற்றுப் பார்க்க வைக்கும் கேள்வியாக மாற வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி கென்னத் பெய்லி (1930–2016). அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் மிஷனெரி. எகிப்து, லெபனான், எருசலேம், சைப்ரஸ் என்று 40 ஆண்டுகள் கற்பித்தவர். கெட்டகுமாரன் உவமையில் (லூக்கா 15:11–32) இளைய மகன் சொத்தில் பங்கு கேட்டு வாங்கி, தூரதேசம் போய், எல்லாம் இழந்து திரும்புகிறான்; தகப்பன் ஓடிப்போய் அவனை ஏற்றுக்கொள்கிறார். இப்படித் தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகன் பங்கு கேட்பதுண்டா என்று பெய்லி மத்திய கிழக்குக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் விசாரித்தார். கேட்கவே மாட்டான், கேட்டால் தகப்பன் சாக வேண்டும் என்று நினைக்கிறான் என்றே அர்த்தம் என்றார்கள். அதோடு விடாமல், பழைய யூத நூல்களையும் வேதாகமத்தின் சிரியாக், அரபு மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் குறிப்புகளை ஒழுங்குபடுத்துங்கள். ஒரு பழக்கத்துக்கு ஒரு தாள். எந்தப் பகுதி, எந்த ஆண்டு, சொன்னவரின் வயது, ஆணா பெண்ணா, என்ன மதம், நீங்கள் கேட்ட கேள்வி என்ன என்று எழுதுங்கள். கேள்வியை வார்த்தை மாறாமல் எழுத வேண்டும். “அது அவமானம்தானே?” என்று கேட்டிருந்தால், மரியாதைக்காகவே “ஆமாம்” என்றிருப்பார்கள், அந்தத் தாளைத் தள்ளிவிடலாம். “ஒருவன் இப்படிக் கேட்டால் ஊரில் என்ன நடக்கும்?” என்பதற்கு வந்த பதில் உதவும். கிறிஸ்தவர்களுக்கு நெருக்கடி உள்ள நாடு என்றால் ஆள் பெயர், ஊர்ப் பெயர், முகம் தெரியும் படம் எதுவும் பாடத்தில் வரக்கூடாது.

அடுத்தது சோதனை. மற்ற எதைவிடவும் இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இன்றைய கிராமத்துக்கும் இயேசுவின் காலத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 2000 வருடம் இருக்கிறது. ஆகவே முதலில் வேதாகமத்துக்குள்ளேயே தேடுங்கள். “கிழக்கு தேசத்தில் வயதானவர் ஓடவே மாட்டார்” என்று பலர் எழுதுகிறார்கள். ஆதியாகமம் 18:2-ல் ஆபிரகாம் விருந்தாளிகளுக்கு எதிர்கொண்டு ஓடுகிறார். அதற்கு முந்தின அதிகாரத்தில் அவருக்கு வயது 99. ஆதியாகமம் 33:4-ல் ஏசா ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தஞ்செய்கிறான். தகப்பன் மகனிடம் ஓடும் லூக்கா 15:20-ம் அதே வரிசையில் போகிறது. எனவே “ஓடவே மாட்டார்” என்பதை “பெரியவர் ஓடுவது சாதாரணமல்ல” என்று குறையுங்கள்.

பிறகு பழைய நூல்கள். உயிரோடிருக்கையில் சொத்தைக் கைமாற்றாதே என்று, இயேசுவுக்கு முந்தின யூத ஞான நூலான சீராக்கின் 33-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின்படி, தகப்பன் மகனுக்குச் சொத்தை எழுதிவைத்தபின் மகன் அதை விற்றாலும், தகப்பன் இறக்கும்வரை வாங்கியவருக்கு அது சேராது. அதாவது எழுதிவைப்பது அன்று தெரிந்த காரியம். அதைக் கேட்டு வாங்கி, எடுத்துக்கொண்டு தூரதேசம் போனதுதான் அதிர்ச்சி. பானையை உடைத்து ஒருவனை உறவிலிருந்து ஒதுக்கும் சடங்கு பிற்கால யூத நூல்களில் வருகிறது, லூக்கா 15-ல் இல்லை. அதை வகுப்பு நடத்துநருக்கான குறிப்பில் “சிலர் இப்படி விளக்குவர்” என்று மட்டும் போடுங்கள். அதேபோல், ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது பற்றிய இயேசுவின் சொல்லை விளக்க, எருசலேமில் “ஊசியின் காது” என்றொரு சிறு வாசல் இருந்தது என்று சொல்லும் கதைக்கு முதல் நூற்றாண்டு ஆதாரமே கிடையாது. எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருந்தாலும் அதைச் சேர்க்காதீர்கள்.

படிக்கப்போகிறவர்களின் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் பாகப்பிரிவினை பழகிய விஷயம். இந்துக் கூட்டுக்குடும்பச் சட்டப்படி, பூர்வீகச் சொத்தில் தகப்பன் இருக்கும்போதே மகன் பங்கு கேட்கலாம். அதனால் மகன் பங்கு கேட்கும் 12-ஆம் வசனத்தைத் தமிழ் வாசகர் அதிராமல் தாண்டிவிடுவார். பாடம் அங்கே அவரை நிறுத்த வேண்டும்.

இனி பாடத்தின் அமைப்பு. 8 முதல் 10 பேர், 75 நிமிடம். லூக்கா 15:11–32 மொத்தம் 22 வசனம், ஒரே அமர்வுக்கு அதிகம். 11–24 ஒரு வாரம், 25–32 மறுவாரம். இரண்டு முறை சத்தமாக வாசிக்க 10 நிமிடம், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க 15, அர்த்தம் பேச 30, வாழ்க்கைக்குப் பொருத்த 15, ஜெபம் 5. ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம். ஏழாவதற்கு வரும்போது கடைசிக் கேள்வியை அவசரமாக முடிப்பார்கள், முடிவில் ஜெபமும் அடிபடும்.

கேள்விக்கான பதில் வசனத்திலேயே கிடைக்க வேண்டும். உதாரணமாக: “18, 19-ல் மகன் சொல்ல நினைத்ததையும் 21-ல் சொன்னதையும் ஒப்பிடுங்கள். எது விடுபட்டது?” ‘கூலிக்காரரில் ஒருவனாக’ என்ற வாக்கியம் இல்லை என்று யாராவது கண்டுபிடிப்பார்கள்; அறை கலகலப்பாகிவிடும். இன்னொன்று: “12-ஆம் வசனத்தின் முடிவில் தகப்பன் யாருக்கெல்லாம் பங்கிட்டார்?” ‘அவர்களுக்கு’ என்றிருப்பதால் மூத்தவனும் வாங்கிக்கொண்டான் என்பது தெரியவரும். மறுவாரப் பாடத்துக்கு அதுவே வாசல்.

பின்னணித் தகவலைக் கேள்விக்குப் பிறகு வையுங்கள், 60 வார்த்தைக்குள். முன்னால் வைத்தால் எல்லாரும் அதையே பதிலாகத் திருப்பிச் சொல்வார்கள், வேதாகமத்தைத் திறக்க மாட்டார்கள். “நான் அங்கே இருந்தபோது” என்று தொடங்கும் வாக்கியங்களை நடத்துநர் தாளுக்கு மாற்றுங்கள். பங்கேற்பவர் தாள் 2 பக்கம், நடத்துநர் தாள் 4 பக்கம். பெரியவர்களுக்காக எழுத்தளவு 13. வசனத்தை முழுவதும் அச்சிடுவதானால் அந்த மொழிபெயர்ப்பின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள்.

அச்சுக்கு முன் இரண்டு குழுக்களில் நடத்திப் பாருங்கள். நடத்துகிறவர் நீங்களாக இருக்கக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லவும் கூடாது. எந்தக் கேள்விக்கு மௌனம் நீண்டது, எதற்கு எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள், எதை நடத்துநர் தன் வார்த்தையில் மாற்றிக் கேட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கேட்டது புரிந்திருந்தால், அந்த வடிவத்தையே அச்சில் போடுங்கள்.