கிளி மூக்குக்கு மட்டும் சிவப்பு: தோலில் சின்ன இடங்களுக்குச் சாயம் போடும் முறை

தோலில் செதுக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கத்தியால் கீறிய கோடு சுத்தமாக வந்திருக்கும். ஓரம் தட்டியதும் உருவம் எழும்பி நிற்கும். சாயத்தைத் தொட்டு வைத்த அடுத்த நொடியே அது கோட்டைத் தாண்டி ஓடிவிடும்.

நான் முதலில் செய்தது கிளி போட்ட ஒரு சாவிக்கொத்து. கண்ணுக்குக் கருப்பு வைக்கப் போனேன். தலை முழுக்கக் கருப்பாகி, கிளி காக்கையாகிவிட்டது. பிரஷ் பெரிது என்று நினைத்து, அதைவிட மெல்லியதாக ஒன்று வாங்கினேன். இன்னொரு காக்கைதான் கிடைத்தது! பிரஷின் முனை எவ்வளவு மெல்லியது என்பதைவிட, அதில் எவ்வளவு சாயம் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று புரிய எனக்கு நாலைந்து துண்டுகள் பிடித்தன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, தோலின் நார்கள் சாயத்தை இழுத்துக்கொண்டு போகும். நாம் வைக்கும் இடத்தோடு அது நிற்காது.

சரி, அதே கிளியைச் செய்வோம். மூக்கு சிவப்பு, உடம்பு பச்சை, கண் கருப்பு, பின்னணி அடர் பழுப்பு.

முதலில் தோல். மரப்பட்டை, காய் போன்றவற்றின் துவர்ப்பில் பதனிட்ட தோல்தான் வேண்டும். கடையில் 'வெஜ் டேன்' என்பார்கள். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது இந்த வகைதான். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் செதுக்கலுக்கு ஒத்துவராது. சென்னைப் பெரியமேடு போன்ற இடத்தில் வாங்கினால், 'மேல்பூச்சு இல்லாத வெஜ் டேன்' என்று சொல்லிக் கேளுங்கள். மேல்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் நல்லது. முத்து மாதிரி உருண்டு நின்றால் சாயமும் அப்படித்தான் நிற்கும்.

செதுக்கியபோது நனைத்த தோல் முழுக்கக் காயட்டும், ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பிறகு ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, மேலே ஒருமுறை துடைத்து எடுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காமல் திட்டுத்திட்டாக வரும்.

சாயத்தில் ஸ்பிரிட் கலந்தது, தண்ணீர் கலந்தது என்று இரண்டு உண்டு. ஸ்பிரிட் சாயம் ஆழமாக இறங்கும், வேகமாகவும் பரவும். சின்ன இடங்களுக்குப் புதியவர்கள் தண்ணீர்ச் சாயத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. எதுவானாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலில் ஏறிய கறை நாலு நாளைக்குப் போகாது. ஸ்பிரிட் என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம்.

இனி பிரஷ். 0 எண் உருண்டை பிரஷ் ஒன்று போதும். முனையை மட்டும் சாயத்தில் தொட்டு, உடனே டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி எடுங்கள். காகிதத்தில் ஈரப்பொட்டு விழாமல் வெறும் கோடு மட்டும் விழும்வரை ஒற்றவேண்டும். 'இதில் ஒன்றுமே இல்லையே' என்று தோன்றும்போதுதான் அளவு சரி.

மூக்கின் நடுவில் வையுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திக் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். சாயம் தானாகவே ஓரத்தை நோக்கி நகரும். கீறிய வெட்டும், தட்டி இறுக்கிய ஓரமும் அதைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும். எட்டாத மூலை இருந்தால் மறுபடி ஒற்றிய முனையால் ஒரு தொடுகை. நிறம் வெளிறித் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். காயவிட்டு இரண்டாம் முறை போட்டுக்கொள்ளலாம். ஒரே மூச்சில் அடர்த்தி காட்ட நினைப்பதுதான் என் காக்கைகளின் கதை.

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். தோல் தன் சொந்த நிறத்தோடு சாயத்தைக் காட்டும் என்பதால், அடர்ந்த இடத்தின் மேல் வெளிர் சாயம் தெரியாது. இதே காரணத்தால் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. கண்ணில் வெள்ளைப் பொட்டு வேண்டுமென்றால் கடைசியில் அக்ரிலிக் பெயிண்ட்டால் வையுங்கள், அது மேலேயே நிற்கும். சிவப்பும் பச்சையும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் சேற்று நிறம் வரும். ஆகவே மூக்கு நன்றாகக் காய்ந்த பிறகே உடம்பைத் தொடுங்கள்.

கண்ணுக்குப் பிரஷே வேண்டாம். பல்குத்தும் குச்சியின் முனையைச் சாயத்தில் தொட்டு, ஒற்றி, ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

பின்னணியைக் கடைசிக்கு வைப்பதில் ஒரு லாபம் உண்டு. பச்சை லேசாக வெளியே கசிந்திருந்தால் அடர் பழுப்பு அதை விழுங்கிவிடும். கிளியை ஒட்டிய ஓரத்தைப் பிரஷாலும், மீதியைக் காது குடையும் பஞ்சுக்குச்சியாலும் நிரப்பலாம். உள்ளே இறங்கிய சாயத்தை அழிக்க வழியில்லை, அடர்த்தியாக்கத்தான் முடியும் என்பதை மறக்காதீர்கள்.

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மென்மையான துணியால் தேய்த்தால் மேலே தங்கிய தூள் வந்துவிடும். அப்புறம் நிறமற்ற அக்ரிலிக் மேல்பூச்சைச் சம அளவு தண்ணீரில் கலந்து, மெல்லியதாக இரண்டு முறை. முதல் பூச்சைத் தேய்க்கக் கூடாது, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வையுங்கள். தேய்த்தால் மூக்குச் சிவப்பு கழுத்துவரை இழுபடும். காய்ந்ததும் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னொரு பூச்சு, ஏறவில்லை என்றால் வளையத்தை மாட்டிவிடலாம்.