செயலியில் வாங்கிய காயினுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

அரூரில் இருக்கும் வாசகர் ஒருவர் தொடர்கதைச் செயலியில் 199 ரூபாய்க்குக் காயின் (அத்தியாயங்களைத் திறக்கச் செயலிக்குள் செலவழிக்கும் மெய்நிகர் நாணயம்) வாங்கி, பாதியைச் செலவழித்துச் சில அத்தியாயங்களைத் திறந்த பிறகு, அந்தத் தொடரே நீக்கப்பட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்ய வேண்டியது, மீதிக் காயினைத் தொடாமல் விடுவதுதான். செலவழிக்காத காயினுக்குப் பணம் கேட்பது எளிது. செலவழித்ததற்குக் கேட்டால், வாங்கிய உள்ளடக்கத்தில் குறை இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆதாரத்தை அன்றே திரட்டிவிடுங்கள். காயின் இருப்பும் இப்போது திறக்க மறுக்கும் தொடரின் பக்கமும் தேதியுடன் தெரியும் ஸ்க்ரீன்ஷாட், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், கூகுள் பிளே மின்னஞ்சலில் 'ஜிபிஏ' என்று தொடங்கும் ஆர்டர் எண் ஆகியவை போதும். இழப்பைக் காயின் கணக்கில் சொல்லாமல் ரூபாயில் எழுதுங்கள்; நிறுவனம் தன் கணக்கில் வரவு வைத்தது ரூபாயைத்தான்.

கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால், 48 மணி நேரத்துக்குள் அதன் இணையதளத்திலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரம் கடந்துவிட்டால் செயலி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். அவற்றின்படி அந்த அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 'காயினுக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்ற நிபந்தனையைப் பார்த்ததுமே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அப்படிப் பின்வாங்கத் தேவையில்லை. சேவைக் குறைபாட்டுக்காகப் புகார் செய்யும் உரிமையை அந்த ஒரு வரி பறித்துவிடாது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதுவும் பலிக்காதபோது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்தே, அரூர்க்காரர் தர்மபுரியிலும் ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரியிலும் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, குறை ஏற்பட்டு 2 ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும்.

பெற்றோர் ஷிப்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், வீட்டில் இருக்கும் போனில் பிள்ளை மொபைல் விளையாட்டுக்காக டைமண்ட் (காயின் போன்ற விளையாட்டு நாணயம்) வாங்கிவிடுவது தனி வகை. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்பதைக் குறிப்பிட்டு, வாங்கியது பிள்ளைதான் என்று உள்ளபடியே எழுதுங்கள். யாரோ திருடிவிட்டார்கள் என்று எழுதினால், உண்மை தெரியவரும்போது நியாயமான கோரிக்கையும் கெட்டுவிடும். முன்பின் தெரியாதவர் பணத்தை எடுத்திருந்தால் மட்டும், தாமதிக்காமல் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் தெரிவியுங்கள்.