எக்ஸ் கவர்னர் ஒருத்தரோட அரசியல் கதைய படிக்கிறது எப்படி? ஜெர்ரி பிரவுன வச்சு பாப்போம்

அமெரிக்க கவர்னர் யாரையாச்சும் பத்தி தெரிஞ்சுக்கணும்னா நிறைய பேர் எந்த கட்சி, எத்தன தடவ ஜெயிச்சாருன்னு ரெண்டு வரி படிச்சிட்டு மூடி வச்சிர்றாங்க. அதுல ஆளு புடிபடவே மாட்டாரு. நான் பண்ற முறைய சொல்றேன், ஆளு கலிஃபோர்னியா ஜெர்ரி பிரவுன், விழுந்து எழுந்த கேஸ் இவர மாதிரி இன்னொண்ணு கெடைக்கிறது கஷ்டம். (அங்க கவர்னர மக்கள்தான் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குறாங்க, பட்ஜெட்டே அவர்தான் கொண்டு வருவாரு, நம்ம ராஜ்பவன மனசுல வச்சு படிக்காதீங்க.)

மொதல்ல ஒரு பேப்பர்ல பதவியும் வருஷமும் மட்டும் எழுதுங்க. 1971ல மாநில செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் (தேர்தல் வேலைய பாக்குற பதவி), 1975ல கவர்னர், அப்ப வயசு 36, 1983ல எறங்குறாரு. 1999ல ஓக்லாண்ட் மேயர், 2007ல மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தோட தலைமை சட்ட அதிகாரி), 2011ல மறுபடி கவர்னர், 2019ல வெளிய வரும்போது வயசு 80. எழுதி முடிச்சா நடுவுல 16 வருஷம் காலியா கெடக்கும். அத தோண்டுங்க. செனட்டுக்கு நின்னு பீட் வில்சன்கிட்ட தோத்துட்டு, ஜப்பான் போய் ஜென் பழகி, கல்கத்தால மதர் தெரசாகிட்ட வேலை பாத்து, திரும்பி வந்து மாநில டெமாக்ரடிக் கட்சி சேர்மன் ஆகி, 1992ல ஒரு ஆளுகிட்ட 100 டாலருக்கு மேல நன்கொடை வாங்க மாட்டேன்னு சொல்லி டோல் ஃப்ரீ நம்பர் கொடுத்து பிரசிடெண்ட் பதவிக்கே ஓடிருக்காரு மனுஷன். அது அவரோட மூணாவது முயற்சி, மூணும் ஊத்திக்கிச்சு.

அடுத்து ரூல் பாருங்க. 1990ல வந்த சட்டப்படி அங்க ஆயுசுக்கும் ரெண்டு டேர்ம்தான், அப்ப இவர் மட்டும் எப்படி நாலு? அவரோட மொத ரெண்டும் அந்த சட்டத்துக்கு முந்தினது, கணக்குல வரல, அவ்ளோதான்.

இப்ப முக்கியமான வேலை, பிராப்பசிஷன். கலிஃபோர்னியால மக்களே நேரடியா சட்டத்துக்கு ஓட்டு போடுவாங்க, அத விட்டுட்டு கவர்னர் பேச்ச மட்டும் படிச்சா வேஸ்ட். 1978 ஜூன்ல பிராப்பசிஷன் 13, சொத்து வரிய மதிப்புல 1 சதவீதத்துக்கு மேல போக விடாம கட்டிப்போட்டது. பிரவுன் எதிர்த்தாரு. அந்த பிராப்பசிஷன் ஜெயிச்சதும் அப்படியே பல்டி அடிச்சு அத அமல்படுத்துறதுல முன்னாடி நின்னாரு, நவம்பர்ல ஈஸியா ரீஎலெக்‌ஷனும் ஜெயிச்சிட்டாரு. சந்தர்ப்பவாதம்னு திட்டலாம், எனக்கென்னவோ அவருக்கு காத்து எந்தப் பக்கம்னு தெரியும்னுதான் தோணுது.

ஆனா அந்த மூக்கு 1981ல ஏமாத்திருச்சு. பழத்த அழிக்கிற மெட்ஃப்ளை ஈ சான்டா கிளாரா பக்கம் பரவுச்சு, ஹெலிகாப்டர்ல மாலத்தியான்ங்கிற பூச்சி மருந்து அடிக்க மாட்டேன்னு ஜனங்களோட உடம்புக்காக அடம் புடிச்சாரு, மத்திய அரசு மாநிலத்து பழம் காய் மொத்தத்தையும் தடுத்துருவோம்னு மெரட்டுனதும் ஒத்துக்கிட்டாரு. பயப்பட வேணாம்னு காட்ட அவரோட ஆளு பி.டி. காலின்ஸ் தண்ணில கலந்த மாலத்தியான ஒரு கிளாஸ் குடிச்சே காமிச்சாரு! விவசாயிங்களும் கடுப்பு, சுற்றுச்சூழல் ஆளுங்களும் கடுப்பு. அடுத்த வருஷ செனட் தோல்விய இத ஒட்டி வச்சு படிங்க.

ரெண்டாவது இன்னிங்ஸுக்கு பணக் கணக்கு போதும். 2010ல எதிர்ல நின்ன மெக் விட்மன் சொந்தக் காசுலயே 14 கோடி டாலருக்கு மேல எறக்கியும் தோத்தாங்க. ஜெயிச்சு வந்த பிரவுனுக்கு முன்னாடி பட்ஜெட்ல 2,500 கோடி டாலர் பக்கம் பள்ளம். மொத மாசமே அரசு ஊழியர்ங்க வச்சிருந்த 96,000 செல்போன்ல பாதிய திருப்பிக் கொடுங்கன்னு ஆர்டர். அதுல மிச்சமாகுறது சில்லறைதான், ஆனா 2012ல பிராப்பசிஷன் 30 கொண்டு வந்து வரி கூட்டுங்கன்னு ஜனங்ககிட்டயே கேக்க அந்த மாதிரி சிக்கனம் காமிச்சது கை கொடுத்துச்சுன்னு நான் நெனைக்கிறேன், 55 சதவீதம் ஓட்டுல பாஸ் ஆச்சு.

நம்பர செக் பண்ண மாநிலம் வெளியிடுற ஸ்டேட்மெண்ட் ஆஃப் வோட், அதாவது ஓட்டு எண்ணிக்கை அறிக்கைய எடுத்துக்கோங்க. 1978 ஜூனையும் நவம்பரையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, வரிய வெட்டச் சொன்ன கிட்டத்தட்ட 65 சதவீதமும், வெட்டாதீங்கன்னு சொன்னவர ஜெயிக்க வச்ச 56 சதவீதமும் அஞ்சு மாச இடைவெளில.